உனக்குக் கொடுத்தது ஒரு மாதம்தான்

அன்பு மகன் ஷாகுலுக்கு உன் வாப்பா எழுதுவது. ஸலாம். இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். அப்படித் தொடங்க எனக்குக் கை வரவில்லை. இங்கே யாரும் சுகமாக இல்லை. நீயும் அங்கே சுகமாக இல்லை என்று பீர் முகம்மது சொல்லிவிட்டான். அடுத்த சந்துப் பீர்தான். உன் காதர் மாமா இருக்கும் ஊரிலேயே லாரி ஓட்டுகிறவன், அவன் வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஒரு வார லீவில் தாராவிக்கு வந்தான். நாளைக்கு சஹாரில் விமானம் ஏறுகிறான். இந்தக் கடிதம் அவன் கையில்தான் வருகிறது. அவன் கொடுத்ததும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலையணைக்கு அடியில் சொருகிவிடாதே. உட்கார்ந்து படி. உன் அறையில் உன்னைப் போலவே விசிட் விசாவில் வந்து பதுங்கிக் கிடக்கிற பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்களாமே. பம்பாயில் வளர்ந்த பிள்ளைகள், பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்ட வராது. நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. நம் வீட்டு மானம் தெருவுக்கு வந்தாயிற்று, நாலு பிள்ளைகளுக்காவது உபயோகப்படட்டும்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அங்கே இருக்க அனுமதித்த காலம் மூன்று மாதம் இல்லை, ஒரு மாதம். வருகிற வெள்ளிக்கிழமையோடு அது முடிகிறது. காதர் மாமா வியாழக்கிழமை விமானத்தில் உனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறான். உன் திரும்பும் டிக்கெட்டும் அவன் பெட்டியில்தான் இருக்கிறது. நீ போய் அவன் கதவைத் தட்டினால் போதும். இது உனக்குத் தெரியாத சங்கதி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நீ எங்களுக்குக் கேசட் அனுப்பினாயே, அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

விசாவின் ஜெராக்ஸ் வந்த அன்றைக்கு நம் கோலியில் என்ன கூத்து நடந்தது என்று நினைத்துப் பார். கோலியென்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை, அதற்குள் பதினைந்து பேர். முழுக்க அரபியில் டைப் அடித்த காகிதம், இங்கிலீஷ் ஒரு எழுத்துக்கூட இல்லை. பி.காம் படித்த நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தலையும் தெரியல, காலும் தெரியல" என்றாய். அப்போது எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல! நம் வீட்டில்தான் ஓதிக்கொடுக்கிற உம்மா இருக்கிறாளே. இந்தத் தெருப் பெண்பிள்ளைகளில் யார் குர்ஆன் ஓதினாலும் அது உன் உம்மாவின் நாக்கிலிருந்து போனது. அவள் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேதத்தைத் தொடுகிற மாதிரி அந்த ஜெராக்ஸை இரண்டு கையாலும் வாங்கினாள். நீயும் உன் தங்கச்சி மைமூனும் சிரித்தீர்கள். "சிரிக்காதியலே, அரபி எழுத்து" என்று அதட்டினாள்.

அவள் தடுமாறாமல் வாசித்தாள். எழுத்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அர்த்தம்தான் தெரியாது. நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், வாழ்நாள் முழுக்க ஓதுவோம், என்ன ஓதினோம் என்று கேட்டால் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேள் என்போம். ஆனாலும் மாதம் என்ற சொல்லும் ஒன்று, மூன்று என்கிற எண்களும் ஓதி ஓதி அவளுக்குப் பழக்கமானவை. "இந்த இடத்துல மூணு மாசம்னு இருக்கு. கீழ இந்த இடத்துல ஒரு மாசம்னு இருக்கு. எது எதுக்குன்னு எனக்கு விளங்கல" என்றாள். இதைத்தான் சொன்னாள், ஷாகுல். இதற்கு மேல் ஒரு சொல் அவள் சொல்லவில்லை. விளக்கம் சொன்னவன் நான்தான். தாடியைத் தடவிக்கொண்டு, பெரிய கான்சுலேட் ஆபீசர் மாதிரி, "இதுல விளங்க என்ன கெடக்கு? ஒரு மாசத்துக்குள்ள போய்ச் சேரணும், போனா மூணு மாசம் இருக்கலாம். வேற எப்படி இருக்கும்?" என்றேன். பதினைந்து பேரும் தலையை ஆட்டினார்கள். அடுத்த நாள் காலையில் குழாயடியில், உன் உம்மா அரபி விசாவையே படித்துச் சொல்லிவிட்டாள் என்று பேச்சாகிவிட்டது. அவளும் அதை மறுக்கவில்லை. அவளுக்கும் அது பிடித்திருந்தது, பாவம்.

அந்த ஒரு மாதத்தை நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டதால் வந்த வினைதான் பிறகு நடந்தது எல்லாம். விசா அடித்து ஜெராக்ஸ் நம் கைக்கு வருவதற்குள்ளேயே மூன்று வாரம் ஓடியிருந்தது. மிச்சம் இருப்பது ஒரு வாரம் என்று கணக்குப் போட்டேன். மைமூனின் நிக்காஹ் அதற்கு மூன்று நாள் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை. நீ கெஞ்சினாய். "வாப்பா, ஒரே தங்கச்சி, நிக்காஹ் முடிச்சுட்டு அன்னைக்கே ஏறிடுறேன்" என்றாய். நான் கத்தினேன். "விசா செத்துப் போச்சுன்னா ஒன் தங்கச்சி வந்து உசுரு குடுப்பாளா?" என்று கேட்டேன். மைமூன் அடுப்படியில் நின்று அழுதாள். நீ நம் பட்டறையில் தோல் வெட்டுகிற மேஜையில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாய். யாராவது ஒருத்தர், ஏன் பாய், ஒரு டிராவல் ஆபீசில் போய்க் கேட்டுவிடலாமே என்று சொல்லியிருந்தால், சொன்னவனையும் திட்டியிருப்பேன். வீட்டில் அரபி இருக்கும்போது வெளியில் என்ன கேள்வி என்பதுதான் அன்றைக்கு என் புத்தி.

வியாழக்கிழமை உன்னை ஏற்றிவிட்டோம். சஹாரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பந்தல் வாசலில் வந்து நின்றபோது, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வர மச்சினன் எங்கே என்று அவர்கள் வீட்டு ஆட்கள் கேட்டார்கள். நான் பெருமையாக, கல்ஃபுக்குப் போயிருக்கான் என்றேன். அடுத்த வீட்டுப் பையன் ஒருத்தனை முன்னால் தள்ளிவிட்டேன். அவன் மாப்பிள்ளையின் விரலைப் பிடித்தானா, சட்டையைப் பிடித்தானா என்றே தெரியவில்லை, அவ்வளவு கூச்சம். மைமூன் அன்றைக்கு முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் செம்பூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். போன வாரம் வந்தபோது, அண்ணன் உன்னைத்தான், காக்கா எப்ப வருவான் என்று முதலில் கேட்டாள்.

இனி பீர் சொன்னதற்கு வருகிறேன். புதன்கிழமை மத்தியானம் பட்டறைக்கு வந்தான். பையன்கள் பை தைத்துக்கொண்டிருந்தார்கள், மிஷின் சத்தத்தில் அவன் பேசுவது கேட்கவில்லை. "சாச்சா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றான். வெளியே போனோம். "காதர் பாய் ஒங்கள்ட்ட நேர்ல சொல்லச் சொன்னாரு. சாச்சிக்குத் தெரிய வேணாம்னாரு" என்று இழுத்தான். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். "புள்ள உசுரோட இருக்கானாலே?" என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "அதெல்லாம் நல்லா இருக்கான். ஆனா காதர் பாய் வீட்ல இல்ல" என்றான்.

அவன் சொன்னது இதுதான். நீ இறங்கிய அன்றைக்கே காதர் மாமா உன் பாஸ்போர்ட்டில் குத்தின முத்திரையைப் பார்த்துவிட்டு, மாப்ள, ஒனக்கு ஒரு மாசந்தான், அந்த மூணு மாசம் ஊர்ல இருந்து கெளம்பி வாரதுக்குக் குடுத்த டைம் என்று சொல்லியிருக்கிறான். நீ அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லையாம். அப்ப நான் நிக்காஹுக்கு இருந்துட்டே வந்திருக்கலாமா மாமா என்று கேட்டாயாம். அவன் ஆமாம் என்றிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், வேலைக்கு ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பவில்லையாம். பழைய மார்க்கெட் பின்னால் ஒரு அறையில், ஒரு கார் சீட் தைக்கிற கடையில் கூலிக்கு உட்கார்ந்திருக்கிறாயாம். பீர் வந்து பார்த்துக் கேட்டதற்கு, "எங்க வீட்ல மூணு மாசம்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. நான் மூணு மாசம் இருந்துட்டுத்தான் போவேன்" என்றாயாம்.

எனக்கு அப்போதுதான் அந்தக் கேசட் ஞாபகம் வந்தது. அது வந்த நாளிலிருந்து உன் உம்மா அதைப் போட்டுப் போட்டுக் கேட்டே தேய்த்துவிட்டாள். உன் குரலில் நீ எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாய்: "உம்மா, நீங்க படிச்சது கரெக்ட்டு. இங்க எல்லாரும் அதான் சொல்றாங்க. மூணு மாசம் இருக்கு, கவலப்படாதீங்க." மாமா உண்மையைச் சொன்ன பிறகு பதிவு செய்தது அது. உன் உம்மா அந்த இடம் வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். ஓத வருகிற பிள்ளைகளின் அம்மாமார்களுக்கும் போட்டுக் காட்டினாள். நான் அந்தக் கேசட்டை உடைத்துவிடலாமா என்று நினைத்தேன். அவ்வளவு கோபம் எனக்கு. மகனே, நீ என்னிடம் பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

ஆனால் பீர் போன பிறகு, பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து யோசித்தேன். உன் கோபம் எனக்குப் புரியவே இல்லை என்று சொன்னால் நான் மனுஷன் இல்லை. தங்கச்சி நிக்காஹையும் பார்க்க விடாமல், செத்துப்போகாத விசாவைச் செத்துப்போகும் என்று சொல்லிப் பிடித்துத் தள்ளினேன். அங்கே போய் இறங்கினால் இருக்கிறது ஒரே மாதம். ஒரு மாதத்தில் எவன் வேலை தருவான், எவன் விசா மாற்றித் தருவான்? இவர்கள் சொன்ன மூன்று மாதத்தை நான் இருந்தே தீருவேன் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. உன் வயசில் எனக்கும் தோன்றியிருக்கும். ஆனால் நாங்கள் வாயால் சொன்ன மூன்று மாதம் நம் கோலியில்தான் செல்லும். அந்த ஊர் ஏர்போர்ட்டில் செல்லாது.

மறுநாள் மஸ்ஜித் பந்தரில் ஒரு டிராவல் ஆபீசுக்குப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். மேஜைக்குப் பின்னால் இருந்த கொங்கணிப் பையன் ஜெராக்ஸை ஒரு நிமிஷம் பார்த்தான். "சாச்சா, இதுல என்ன சந்தேகம்? மூணு மாசம் உள்ள போறதுக்கு, ஒரு மாசம் உள்ள இருக்குறதுக்கு. எல்லாருமே உல்ட்டாவா புரிஞ்சுக்கிறீங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு டீ குடிக்கத் தொடங்கிவிட்டான். நான் விடவில்லை. வந்தது வந்தோம் என்று எல்லாவற்றையும் கேட்டேன். அவன் சலித்துக்கொண்டே சொன்னதை உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும் எழுதுகிறேன், கவனமாகக் கேளுங்கள்.

உங்கள் கையில் நாலு தேதி இருக்கிறது, நாலும் நாலு விதம். பாஸ்போர்ட்டில் பல வருஷம் தள்ளி ஒரு தேதி இருக்கும், அது அந்தப் புத்தகத்தின் ஆயுள், அவ்வளவுதான். டிக்கெட்டில் ஒரு வருஷம் என்று இருக்கும். டிக்கெட் ஒரு வருஷம் செல்லும் என்றால் நாமும் ஒரு வருஷம் இருக்கலாம் என்று ஒரு பையன் உன் அறையில் சொல்லிக்கொண்டிருக்கிறானாமே, அவன் காதில் விழுகிற மாதிரி வாசி: அது விமானக் கம்பெனி சொல்லுகிற கணக்கு, அந்த நாட்டு அரசாங்கத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்றாவது, விசாவில் போட்ட காலம். அது வாசல் கதவு எதுவரை திறந்திருக்கும் என்பது. அதற்குள் எந்த நாளில் போனாலும் உள்ளே விடுவார்கள். நாலாவதுதான் நீ தங்கியிருக்கலாம் என்கிற காலம். அது விசா அடித்த நாளிலிருந்து ஓடாது, நீ இறங்கி முத்திரை குத்தின நாளிலிருந்து ஓடும். இறங்கின நாளையும் ஒரு நாளாகச் சேர்த்துக்கொள்வதுதான் பத்திரம். கடைசி நாள் என்றால் டிக்கெட் விசாரிக்கப் போகிற நாள் என்று நினைக்காதீர்கள், அன்றைக்கு நீங்கள் அந்த மண்ணை விட்டுப் போயிருக்க வேண்டும். உள்ளே போன பிறகு இந்த நாலாவதுதான் உங்கள் கெடு. சந்தேகம் இருந்தால் விசாவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், உள்ளே விட்டவன் குத்தின முத்திரையைப் பாருங்கள்.

நீட்டித் தரமாட்டார்களா என்று கேட்டேன். சில விசாவுக்குத் தருவார்கள், சிலதற்குத் தரமாட்டார்கள், ஆனால் கேட்பதென்றால் கெடு முடிவதற்கு முன்னால் கேட்க வேண்டும், யார் பேரில் விசா எடுத்ததோ அந்த ஆள் போய்க் கேட்க வேண்டும் என்றான். யார் பேரில் எடுத்தது? காதர் மாமாவின் முதலாளி பேரில். தையல்கடை முதலாளியின் காலைப் பிடித்து, இவன் என் அக்கா மகன், ஒரு மாதத்தில் நான் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மாமா வாக்குக் கொடுத்துத்தான் அந்த அரபி முதலாளி கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீ வெள்ளிக்கிழமை தாண்டினால் போலீஸ் முதலில் உன்னைத் தேடாது, கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்கும். அவர் யாரைக் கேட்பார்? பீர் சொல்கிறான், முதலாளி இப்போதே மாமாவிடம், ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, இல்லாவிட்டால் அவன் விமானத்தில் நீ ஏறு என்று சொல்லிவிட்டாராம். மேலப்பாளையத்தில் அவன் பெண்டாட்டியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மாதாமாதம் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உனக்குச் சோறு போட்ட மனுஷன், ஷாகுல். நீ என் மேல் உள்ள கோபத்தைக் கொண்டுபோய் அவன் வயிற்றில் அடிக்கிறாய்.

நம் சுனாபட்டி இஸ்மாயிலை உனக்குத் தெரியும். விசிட் விசாவில் போய் வருஷக்கணக்கில் ஒளிந்திருந்தவன். அவனை நீ பார்த்தது அவன் திரும்பி வந்து பீடி குடித்துக்கொண்டு திரிந்த காலத்தில். அவன் வந்து இறங்கிய அன்றைக்கு நான் பார்த்தேன். போட்டிருந்த சட்டையோடு அனுப்பிவிட்டார்கள், இரண்டு காலுக்கும் இரண்டு விதச் செருப்பு. ஒளிந்திருந்த காலத்தில் அவன் உம்மா மௌத்தானாள், கடைசியாக முகம் பார்க்கக்கூட வர முடியவில்லை. வெளியே வந்தால் பிடிப்பார்கள், உள்ளே இருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, கூலி தராதவனைக் கேட்க முடியாது. இனி அந்த நாட்டுக்குள் அவன் நேர்வழியாகவும் போக முடியாது. நீ போக முடியும். முறையாகத் திரும்பி வந்தால், நாளைக்கு ஒரு வேலை விசா கிடைத்தால் தலைநிமிர்ந்து போகலாம். அதைத்தான் நீ ஒரு கார் சீட்டுக் கடைக்காகக் கெடுத்துக்கொள்கிறாய். சீட் தைக்கத்தான் வேண்டுமென்றால் இங்கே பட்டறையில் மிஷின் சும்மாதானே கிடக்கிறது?

இவ்வளவையும் உன் உம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டிராவல் ஆபீசிலிருந்து வந்த என் முகத்தைப் பார்த்ததுமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "என்னத்த மறைக்கிய?" என்று கேட்டாள். இல்லை, ஒன்றுமில்லை என்றேன். "பீர் வந்துட்டுப் போனதுலருந்து நீங்க சோறு திங்கல. சொல்லுதியளா, நானே போயி அவன்ட்ட கேக்கட்டுமா?" என்றாள். சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன், நீ மாமாவிடம் கேட்டது, கேசட்டில் சொன்னது, எல்லாம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முதலில் அவள் தம்பியைத்தான் கேட்டாள். "காதருக்கு வேல போயிருமா?" என்றாள். நீ வியாழக்கிழமை ஏறிவிட்டால் போகாது என்றேன். பிறகு முறத்தை எடுத்தாள். அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள், புடைத்த அரிசியையே திரும்பவும் புடைத்தாள். பிறகு சொன்னாள்: "புள்ள பொய் சொன்னான்னு அவனுக்கு எழுதிராதிய. உம்மா தப்பாப் படிச்சுட்டா, அவன் அத நம்பிட்டான், அவ்ளோதான்னு எழுதுங்க. அப்பந்தான் ஊருக்கு வந்தா அவனால நாலு பேரு மூஞ்சில முழிக்க முடியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ படிச்சதுல ஒரு புள்ளி தப்பில்லையேடி. அர்த்தம் சொன்னவன் நான்லா? அத உல்ட்டாவா பிடிச்சவன் நான். தெரிஞ்சே பொய் சொன்னவன் அவன். நீ எதுக்குச் சொமக்கணும்?" என்று கத்தினேன். "சரி, கத்தாதிய" என்றாள். அதோடு விட்டுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவளை இத்தனை வருஷம் கட்டி வாழ்ந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குழாயடியில் பெண்கள் உன்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். பீர் வீட்டிலிருந்து கொஞ்சம் கசிந்திருக்கிறது. ஒளிந்துகொண்டானாமே, மாமாவை ஏமாற்றிவிட்டானாமே என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். உன் உம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறாள்: "எம்புள்ள யாரையும் ஏமாத்தல. நாந்தான் அரபியத் தப்பாப் படிச்சுச் சொன்னேன். உம்மா சொன்னது சரின்னு நம்பி இருந்துட்டான். அவன் மேல ஒரு குத்தமும் இல்ல." நான் பட்டறையில் இருந்தேன். வந்து கேள்விப்பட்டு, இப்படியா செய்வாய் என்று கேட்டதற்கு, "செஞ்சாச்சு. சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

நேற்று சனிக்கிழமை, சாயங்காலம் அஸர் தொழுத பிறகு அவள் வழக்கம்போலப் பாய் விரித்தாள். ஓதும்போது குர்ஆனை வைக்கிற ரிகால் பலகைகளை எடுத்து வரிசையாக வைத்தாள். குர்ஆனைத் துணி பிரித்து வைத்தாள். ஒரு பிள்ளையும் வரவில்லை. அரபியைத் தப்பாகப் படிக்கிறவளிடம் பிள்ளையை ஓத விடலாமா, பாவம் யாருக்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பெரிய மசூதித் தெருவில் வேறொரு அம்மாவிடம் சேர்த்துவிட்டார்களாம். மஃரிப் பாங்கு சொல்லும்வரை உன் உம்மா அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஒவ்வொன்றாக மடக்கி வைத்தாள். இன்றைக்கும் விரித்தாள். அவள் அங்கே உட்கார்ந்திருக்க, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்ன மாதிரிதான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் தெருவில் இறங்கி வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அவள் சரியாகத்தான் படித்தாள், அர்த்தத்தைக் கெடுத்தவன் நான் என்றேன். புருஷன் பெண்டாட்டியை விட்டுக்கொடுப்பானா பாய் என்று சிரித்துவிட்டு டீ கொடுத்து அனுப்புகிறார்கள். பீரும் சொல்லிப் பார்த்தான், கேட்பதற்கு யாரும் இல்லை. உன் வாயால் சொன்னால்தான் நம்புவார்கள்.

வியாழக்கிழமை ஏறு. மாமாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏறு. சஹாருக்கு நான் வருவேன், உன்னைத் திட்டமாட்டேன், வழியில் ஒரு சொல் கேட்கமாட்டேன். மைமூனைப் பார்க்க செம்பூருக்குப் பிறகு போகலாம். முதலில் நம் தெருவுக்கு வா. வந்து அந்தக் குழாயடியில் நின்று, என் உம்மா சரியாகத்தான் ஓதினாள், நான்தான் பொய் சொன்னேன் என்று சொல். அவள் உள்ளேயிருந்து ஓடி வந்து உன் வாயைப் பொத்துவாள். பொத்தினாலும் சொல்.